இறக்கை நிழலில் காவல்

ஜூலை 6, ஞாயிறு

மசாலாத் தூள் டப்பாவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். தூள் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருக்கிறது. ரங்கையாவைத் தவிர வேறு யார்? மெஸ்ஸில் சமைக்கிறவனுக்குத் தூளுக்கா பஞ்சம்? கேட்டால், "எலி தின்னுருக்கும்ணே" என்கிறான். இறுக மூடிய டப்பாவுக்குள் எலியாம். யாருக்குக் காது குத்துகிறான்?

இந்தத் தீவின் பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு. எழுதவில்லை. நாட்குறிப்பே கூடாது என்பதும் உத்தரவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்களுக்கு நடுவே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்றே பேர். சிங்கப்பூர் விமானத் தளத்திலிருந்து ஒரே கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். சமையலுக்கு ரங்கையா, பேட்ஜ் கொட்டகைக்கு நான், விமானத்தில் பறப்பதற்குச் சூசைநாதன். இருவரும் அடுத்தவன் பெட்டியைத் திறக்கிற ஆட்கள் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் பூட்டித்தான் வைக்கிறேன்.

பேட்ஜ் என்பது சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னப் பெட்டி. உள்ளே ஒரு துண்டு பிலிம். குண்டிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத கதிர் பட்டிருந்தால், கழுவும்போது பிலிம் கறுத்துப்போகும். ஓர் அளவுக்கு மேல் கறுத்தால் அந்த ஆள் இனிப் பறக்கக் கூடாது. ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இங்கேதான் கோளாறு. நான் தைப்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாக, இருந்தவன். பால் நிறுக்கும் கொட்டகையில் நின்று நின்று ஒன்று கற்றுக்கொண்டேன். எடைக்குக் கூலி என்றால் பால் வாளியில் தண்ணீர் இருக்கும், ஒட்டுப்பாலுக்குள் கல் இருக்கும். கறுப்புக்கு ஊர்ப் பயணம் என்றால் சும்மா இருப்பார்களா? போன மாதமே ஒரு வெள்ளைக்கார மெக்கானிக் தன் பேட்ஜை அழுக்கு விமானத்தின் இஞ்சினுக்குள் வைத்துக் கறுப்பேற்றினான். இன்னொருவன் கண்ணால் பார்த்துச் சாட்சி சொன்னான். மறுநாளே வேலையைப் பிடுங்கி, வந்த சாமான் விமானத்தில் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

அழுக்கு விமானம் என்றால் குண்டு மேகத்துக்குள் புகுந்து புழுதி அள்ளி வருவது. அவற்றைக் கயிறு கட்டிய மைதானத்தில் நிறுத்துவார்கள். யாரும் கிட்டே போகக் கூடாது. சூசை பறப்பது அந்த ரகம் இல்லை. குண்டு வெடிக்கும்போது சூடும் காற்றும் ஒரு விமானத்தை என்ன செய்யும் என்று பார்ப்பதற்காகத் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் விமானம் அது. அடி வாங்குவதுதான் அதற்கு வேலை. சூசை பின் இருக்கையில் உட்கார்ந்து கருவிகளைப் பார்த்துச் சொல்வான். மேகத்துக்குள் போவதே இல்லை என்பதால் சுத்த விமானம். கயிற்றுக்கு வெளியே, என் கொட்டகைக்கு எதிரிலேயே நிற்கும்.

ஜூலை 9, புதன்

இன்று குண்டு. கடற்கரையில் எல்லாரையும் முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். முதுகில் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் ஒரு சூடு. பிறகு சத்தம். பிறகு நண்டுகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

மத்தியானம் சூசை வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"இறக்கையில வெள்ளைப் பெயிண்ட் அப்பளமாட்டம் பொரிஞ்சி கெடக்குண்ணே. பிளேனைத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. திரும்பி வர்றப்ப மழை வேற. மழையா அது? சேத்துத் தண்ணி. கண்ணாடி பூரா அப்பிக்கிச்சு."

பேசிக்கொண்டே கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். தூக்கித் தூக்கிப் போட்டால் வாந்தி வராதா?

வழக்கம்போல விமானத்தில் போன மூன்று பேர் பேட்ஜையும் தன் தொப்பியில் போட்டு அவனே கொண்டுவந்தான். விமானத்தில் இளையவன்தான் மற்றவர்களுடையதையும் வாங்கி ஒப்படைக்க வேண்டும். பைலட்டுக்கு அந்த நடை தூரமும் கௌரவக் குறைச்சல்.

துணி துவைத்தேன். தண்ணீரில் உப்பு. சோப்பு நுரைக்கவே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

சூசை விமானத்தின் மூன்று பிலிமும் கறுப்பு. சூசையுடையது எல்லாவற்றையும்விடக் கறுப்பு!

பிரைஸ் துரையிடம் கொண்டுபோனேன். கதிர் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனிதர், என்னை மிஸ்டர் தாண்டவராயன் என்று முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே வெள்ளைக்காரர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த விமானம் மேகத்தின் பக்கமே போகவில்லை. இது எப்படி நடக்கும், நீயே சொல்."

எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? சூசையின் மனைவி ஞானமேரி பட்டர்வொர்த்தில் பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள். செப்டம்பரில் பிரசவம், தலைப்பிள்ளை. கப்பல் ஏறியதிலிருந்து "ஊருக்குப் போவணும்ணே" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு பேச்சு இல்லை. மூன்று பேட்ஜும் அவன் தொப்பிக்குள் இருந்திருக்கிறது. எதிரே கயிற்றுக்குள் அழுக்கு விமானங்கள் நிற்கின்றன. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"மறுபடியும் செய்வான், கண்காணி" என்றார் துரை.

ஜூலை 12, சனி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் மைதானம் காலியாக இருக்கும். எல்லாரும் மெஸ்ஸிலோ கடலிலோ இருப்பார்கள். திருடன் வந்தால் அப்போதுதான் வருவான். புதிதாகக் கொடுத்த பேட்ஜ் மறு குண்டு வரைக்கும் பறக்கிறவர்கள் சட்டையிலேயேதான் இருக்கும்.

கயிற்றுப் பக்கம் பார்க்க வசதியான இடம் தேடினேன். இந்தத் தீவில் மரமாவது மட்டையாவது. நிழல் என்று இருப்பது சூசையின் விமானத்து இறக்கைக்கு அடியில் மட்டும்தான். ஒரு சாக்கை விரித்து, சக்கரத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தேன். நல்ல காற்று. அங்கிருந்து எல்லா அழுக்கு விமானமும் தெரிகிறது.

என் பேட்ஜைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனேன். வேர்வையில் நனைந்து கெட்டால் நானல்லவா பதில் சொல்ல வேண்டும். இந்தத் தீவிலேயே என் பேட்ஜ் அளவுக்குச் சுத்தமானது கிடையாது.

ஜூலை 14, திங்கள்

யாரும் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும் இல்லை. சாப்பாட்டை அங்கேயே எடுத்துப்போய்விட்டேன். மழை தூறியது. இறக்கையில் வழிந்த தண்ணீரிலேயே கை கழுவி, முகமும் கழுவிக்கொண்டேன். உப்பில்லாத தண்ணீர்! எத்தனை நாளாயிற்று. இனி ஒரு டின் வைத்துப் பிடித்துவைக்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

சூசை மத்தி மீன் டின் ஒன்றுடன் வந்தான்.

"பசியாறிட்டீங்களாண்ணே? இது உங்களுக்குத்தான். எனக்கு ஒண்ணும் எறங்கல."

சும்மா யாராவது மீன் டின் தருவார்களா? வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்காகக் காத்திருந்தேன். வந்தது.

"என் பிலிம் எப்படிண்ணே இருக்கு? அளவைத் தாண்டிச்சா? ஊருக்கு வுடுவாங்களா?"

"தாண்டணும்னு ஆசையா?" என்றேன்.

"ஆசையில்லாம? வயித்துப் புள்ளக்காரிய வுட்டுட்டு வந்திருக்கேன்லா."

இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேறு வேண்டுமா? கள்ளத்தனம் எவ்வளவு வெகுளியாகப் பேசுகிறது! டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றும் புரியாதவன்போல் பார்த்துக்கொண்டே போனான். உடம்பு இளைத்துவிட்டது. சாப்பிடாமல் கிடந்தால் இளைக்காமல் என்ன செய்யும்? அதுவும் ஊருக்குப் போக ஒரு வழி.

ஜூலை 20, ஞாயிறு

ரங்கையாவிடம் வாங்கிய தேங்காய் எண்ணெயில் ஏதோ கலப்படம். தேய்த்தால் தலை அரிக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

பிரைஸ் துரை கூப்பிட்டார். என்ன பார்த்தாய் என்று கேட்டார்.

"எனக்கு இந்த ஆட்களைத் தெரியும் ஐயா, இது கலப்படம்தான்" என்றேன். நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை.

அவருக்குப் பரம திருப்தி. கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் தண்டிக்க முடியாது, ஆனால் அந்த மூன்று பிலிமையும் கணக்கில் சேர்க்க வேண்டாம், சைபர் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆக, சூசை அடுத்த குண்டுக்கும் போகிறான். போகட்டும். திருட்டுக்குப் பலன் இல்லை என்று தெரிந்தால் சரி.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. சாயங்காலம் சூசையின் பைலட், நாலு பேர் நடுவில், "என் பேட்ஜையுமா தொட்டாய், கோழை" என்று கேட்டிருக்கிறான். சூசை என் கொட்டகை வாசலில் வந்து நின்றான். அழுகிறான்.

"என் பொண்டாட்டி வயித்துப் புள்ள மேல சத்தியமா நான் எங்கயும் வெக்கலண்ணே. நம்மாளுன்னு நெனச்சேன் ஒங்கள."

எனக்கு என்னமோபோல் இருந்தது. ஆனால் தண்ணீர் கலந்த வாளியோடு நின்றவர்கள் எல்லாரும் பிள்ளை மேல்தான் சத்தியம் செய்தார்கள்.

ஜூலை 28, திங்கள்

இரண்டாவது குண்டு. இந்தத் தடவை யாரும் என்னை ஏய்க்க முடியாது. விமானம் இறங்கி நின்றதும் நானே ஏணி போட்டு ஏறி, பின் இருக்கைக்குள் குனிந்து, சூசையின் சட்டையிலிருந்து என் கையால் பேட்ஜைக் கழற்றினேன்.  அவன் மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. திரும்பும் வழியில் மறுபடி அந்தச் சேற்று மழை பிடித்துக்கொண்டதாகப் பைலட் சொன்னான். என் கையெல்லாம் கரி மாதிரி ஒட்டியது. இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

போன தடவையைவிடக் கறுப்பு.

கழுவும் மருந்து கெட்டிருக்க வேண்டும். மருந்தை மாற்றி, ரங்கையாவின் பேட்ஜைக் கழுவிப் பார்த்தேன். கண்ணாடிபோல் சுத்தம். அப்படியென்றால் மருந்து நல்ல மருந்து. அப்படியென்றால் என்ன?

துரையிடம் கொண்டுபோய் வைத்தேன். நானே கழற்றியது என்றும் சொன்னேன். "ஏறுவதற்கு முந்தியே கறுப்பேற்றியிருப்பான், கெட்டிக்காரன்" என்றார். இதையும் சைபர் ஆக்கிவிட்டார். ஆமாம், அப்படியும் இருக்கலாம். இருக்கலாம்.

மத்தியானம் காவலுக்குப் போனேன். யாரும் வரவில்லை.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ரங்கையாவோடு பெரிய சண்டை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. கழுத்து சிவந்து, கொப்புளம் கட்டி, காலர் பட்டால் எரிகிறது. எண்ணெயில் மோட்டார் எண்ணெய் கலந்தாயா என்று சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"அடப் போங்கண்ணே! நானும் அதே எண்ணெயத்தான் தேச்சிக்கிறேன், எனக்குக் கொட்டுதா? கண்ணாடியில பாத்தீங்களா? தலை பூராவா கொட்டுது? எடது பக்கம் மட்டும்தான். எண்ணெய் எடது பக்கத்துக்கு மட்டுமா வெஷம் வெக்கும்?"

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் ஒரு பிடி அளவு மொட்டை. கழுத்தும் இடது பக்கம்தான்.

"தெனம் அந்தப் பிளேன் சக்கரத்துல தலைய வெச்சிப் படுத்துக் கெடக்கீங்க. மெஸ் சன்னல்லேருந்து பாக்குறேன்ல. அந்தப் பக்கம்தான்."

 மசாலாத் தூள் டப்பாவை அவனிடமே கொடுத்துவிட்டேன். எதற்குக் கொடுத்தேன் என்று அவன் கேட்டான். தெரியவில்லை என்றேன்.

ஆகஸ்டு 5, செவ்வாய்

புதுப் பேட்ஜ் ஒன்றை எடுத்து, நான் தலை சாய்க்கும் இடத்தில் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினேன். நான் படுக்கவில்லை. கொட்டகை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெஸ் மணி அடித்ததும் போய் அவிழ்த்து வந்தேன்.

கழுவினேன்.

கறுப்பு.

எவனும் வரவில்லை. எவனும் எதையும் எங்கேயும் வைக்கவில்லை. சுத்தம் என்று சொல்லிக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்களே, அதுவேதான் அழுக்கு. அந்தச் சேற்று மழையோடு குண்டுப் புழுதியும் அப்பியிருக்கிறது. அதற்குள்தான் சூசை இரண்டு முறை உட்கார்ந்து வந்திருக்கிறான். அடுத்த திங்கள் மூன்றாவது தடவை.

ஆகஸ்டு 6, புதன்

பிரைஸ் துரையிடம் பிலிமைக் காட்டிச் சொன்னேன். கழுத்தையும் காட்டினேன். உட்காரச் சொன்னார். அது எனக்குப் பயமாக இருந்தது, அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை.

"வெயில் கொப்புளம்" என்றார். பிறகு என் பேட்ஜை எடுத்துவரச் சொன்னார். ஆணியிலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்தேன். அங்கேயே கழுவச் செய்தார். சுத்தம்.

"உன் பேட்ஜ் சொல்கிறது, உனக்கு ஒன்றும் இல்லை என்று. இப்போது திடீரென்று ஒரு கறுத்த பிலிமைக் கொண்டுவருகிறாய். மிஸ்டர் தாண்டவராயன், உனக்கும் ஊர் நினைப்பு வந்துவிட்டதா?"

நான் சூசையிடம் கேட்ட அதே கேள்வி. முதல் பிலிமைப் பார்த்து அவர் சிரித்த அதே சிரிப்பு வேறு.  குண்டுச் சோதனை முடிகிற நேரத்தில் ஒரு விமானத்தைக் கயிற்றுக்குள் தள்ளினால் யார் யாருக்கு எழுத வேண்டும் தெரியுமா என்று அவர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியும். எல்லாமே முதல் நாளிலிருந்து தெரியுமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கண்காணி என்று என்னைக் காவலுக்கு உட்கார வைத்தாரே, நான் எதைப் பார்ப்பதற்கு? எதைப் பார்க்காமல் இருப்பதற்கு?

ஆகஸ்டு 7, வியாழன்

சூசை படுக்கையில் உட்கார்ந்து கால் சப்பாத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, திங்கக்கெழம ஏறாத. காய்ச்சல்னு படுத்துக்க. அந்தப் பிளேன்தான் வெஷம். நானே வெச்சிப் பாத்துட்டேன்."

தலையைத் தூக்காமலே கேட்டான். "நீங்கதான நான் கள்ளன்னீங்க?"

"சொன்னேன். தப்பு. என்னச் செருப்பால அடி. ஆனா ஏறாத."

"நான் படுத்துக்கிட்டா என்னண்ணே சொல்லுவாங்க? பாத்தியா, கோழை, மாட்டிக்கிட்டான், ஒளிஞ்சிக்கிட்டான்னுதான? பைலட்டு மூஞ்சில முழிக்கணும். நாளைக்கு என் புள்ள கேக்கும். நான் போவேன். போய்ட்டு வந்து சட்டையக் கழட்டி ஒங்க கையிலயே குடுப்பேன், எங்க வேணா தடவிப் பாத்துக்குங்க."

 மெருகு போடுவதை நிறுத்திவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டான். போகாதே என்று காலைப் பிடித்தேன். நிஜமாகவே பிடித்தேன். விடுவித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அட பாவி, தாண்டவராயா. ஊருக்குப் போகத் துடித்த ஒருத்தனை, விரட்டினாலும் போக மாட்டேன் என்கிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாயே.

ஆகஸ்டு 9, சனி

நிஜத்தைச் சொன்னேன், துரை நம்பவில்லை. கெஞ்சினேன், சூசை கேட்கவில்லை. இந்தத் தீவில் என் வாயிலிருந்து வந்து எடுபட்டது ஒன்றே ஒன்றுதான், சூசை கள்ளன் என்பது.

காலையில் துரையிடம் போய் நின்றேன்.

"ஐயா, பார்த்தேன். சூசைநாதன் கயிற்றைத் தாண்டிப் போய் அழுக்கு விமானத்தில் பேட்ஜை வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு தடவை. ஒரே ஊர்க்காரன் என்று மறைத்துவிட்டேன். அந்தக் கறுத்த பிலிமும் அவனுக்காக நான் ஜோடித்ததுதான்."

சத்தியம் செய்வாயா என்றார். செய்தேன். கையெழுத்துப் போட்டேன். ஒரு நாளும் அவர் அவ்வளவு மரியாதையாக எனக்குக் கை கொடுத்ததில்லை.

ஆகஸ்டு 10, ஞாயிறு

மத்தியானம் சாமான் விமானத்தில் சூசையை ஏற்றினார்கள். பதவிப் பட்டைகளைச் சட்டையிலிருந்து பிய்த்திருந்தார்கள், நூல் தொங்கியது. இரு பக்கமும் போலீஸ்காரர்கள். ரங்கையா வழிக்கு ஏதோ பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடினான். நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் போய்விட்டது.

என்னைப் பார்த்ததும் நின்றான். திட்டுவான், துப்புவான் என்று இருந்தேன். அவன் கேட்டது வேறு.

"நீங்க பாத்தீங்களாண்ணே? நெசமாவே என்னப் பாத்தீங்களா?"

தனக்கே தெரியாமல் ஒருவேளை செய்துவிட்டோமோ என்பதுபோல் கேட்டான். இல்லை என்று சொன்னால், இந்த நிமிஷமே திரும்பி நடந்து போய் அந்த விமானத்தில் ஏறுவான்.

"பாத்தேன்" என்றேன்.

போய்விட்டான். பிரசவத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். ரங்கையா நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, என் சோற்றை மட்டும் மூடி வைத்துவிட்டுப் போகிறான்.

ஆகஸ்டு 11, திங்கள்

மூன்றாவது குண்டு. சூசையின் இருக்கையில் கோலின்ஸ் என்று ஒரு வெள்ளைக்காரச் சார்ஜென்ட் போனான். பேட்ஜ் குத்திவிடும்போது அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் துரை நின்றார்.

சூசையைக் காப்பாற்றினேன் என்று இருந்தேன். இருக்கை காலியாகப் போகும் என்று எப்படி நினைத்தேன்?

ஆகஸ்டு 13, புதன்

கோலின்ஸின் பிலிமும் கறுப்பு.

துரையின் மேசை மேல் வைத்தேன். "ஐயா, இவன் ஊருக்குப் போக ஆசைப்பட்டவன் இல்லை. கயிற்றுப் பக்கம் போகவும் இல்லை. இது விமானம்தான். சூசையுடையதும் இதுதான். நான் அன்றைக்குச் சொன்னது பொய்" என்றேன்.

துரை மேசையைத் திறந்து என் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து, என் பக்கம் திருப்பி வைத்தார். கோபமே இல்லை.

"அந்த விமானத்தில் கறுத்த பிலிம் எப்படி வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். நீதான் கண்ணால் பார்த்தாயே" என்றார்.

பிறகு கோலின்ஸின் பெயருக்கு எதிரே சைபர் போட்டார். சூசையின் பெயருக்கு எதிரே மூன்று இடத்திலும் சைபர் இருந்தது, அவன் பறக்காத மூன்றாவது குண்டுக்கும் சேர்த்து. நாளைக்கு அவன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு என்ன என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அடியில் சாட்சி என்று என் பெயர்தான் இருக்கும்.

கொட்டகைக்கு வந்தேன். ஆணியில் என் பேட்ஜ் தொங்குகிறது. மத்தியான மணி அடித்தது. எதிரே இறக்கை நிழலில், நான் விரித்த சாக்கிலேயே, கோலின்ஸும் இன்னும் இரண்டு பையன்களும் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீருக்கு நான் வைத்த டின்னை ஒருவன் வாயில் கவிழ்த்தான். வேண்டாம், வேண்டாம் என்று கத்திக்கொண்டே ஓடினேன். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிராணி வருகிறான்" என்று ஒருவன் இங்கிலீஷில் மற்றவர்களுக்குச் சொன்னான். "சட்டைப் பேட்ஜைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்."